டெனர் சாரீரத்தின் ஆயுள்: ஓப்பெராப் பாடகரின் தொழில்வாழ்வு பற்றி ஓர் ஆராய்ச்சி

முன்னுரை

மேல்நாட்டு இசை நாடகமாகிய ஓப்பெராவில் ஆண் சாரீரங்களைப் பாஸ், பாரிடோன், டெனர் என்று கீழிருந்து மேலாக மூன்று பெருவகைகளாகப் பகுத்து, அவற்றுள் உச்சியில் நிற்கும் டெனருக்கே காதலனுடைய பாத்திரத்தையும் வீரனுடைய பாத்திரத்தையும் பெரும்பாலும் ஒதுக்கியிருப்பதால், அந்தச் சாரீரம் வாய்க்கப்பெற்றவன் அடையும் கீர்த்தி ஏனைய பாடகர்களுக்கு எளிதில் கிட்டுவதில்லை. ஆனால் அந்தக் கீர்த்தி நிலைத்து நிற்கும் காலம் ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபடுகிறது. ஒருவர் நாற்பது ஆண்டுகள் மேடையில் நின்று, எழுபது வயதை நெருங்கும்போதும் இளங்காதலனாகப் பாடி ரசிகர்களை ஒப்பவைக்கிறார். அவருக்குச் சற்றும் குறையாத, சிலர் கருத்துப்படி அவரைவிட மேலான சாரீரத்துடன் தொடங்கிய மற்றொருவர் பதினைந்து ஆண்டுகளுக்குள் தம் குரலின் பொலிவை இழந்துவிடுகிறார்.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்ன என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் வினா. இதற்கு இதுவரை மூன்று விதமான விடைகள் சொல்லப்பட்டு வந்திருக்கின்றன. சாரீரம் பிறவியில் வாய்ப்பது, ஆகவே அதன் ஆயுளும் பிறவியிலேயே விதிக்கப்பட்டது என்பது ரசிகர்களின் விடை. முறையான சாதகம் செய்தவன் நிலைப்பான், செய்யாதவன் கெடுவான் என்பது ஆசிரியர்களின் விடை. இலேசான பாத்திரங்களில் தொடங்கி, வயது ஏற ஏறக் கனமான பாத்திரங்களுக்குப் போகிறவன் பிழைப்பான், அந்த வரிசையை மீறுகிறவன் வீழ்வான் என்பது விமர்சகர்களும் பாடகர்களின் சரித்திரத்தை எழுதுவோரும் ஏறக்குறைய ஒரு விதியாகவே கொண்டுவிட்ட விடை. மூன்றாவதே உண்மைக்கு மிக அருகில் உள்ளது என்று நான் கருதுகிறேன். எனினும், பாத்திரத்தை மறுக்கும் விவேகத்தைப் பற்றிப் பேசும் அவ்விடை, மறுக்கும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது என்ற கேள்வியை எழுப்பாமலே விட்டுவிடுகிறது. அந்தக் கேள்வியை எழுப்பினால் பல பாடகர்களின் வாழ்க்கை வேறு விதமாகத் தெரியும் என்று காட்டுவதே என் நோக்கம்.

சாரீரம் ஆக்கப்படும் விதம்

ஆண்மகன் ஒருவன் சாதாரணமாகப் பேசும்போது அவனுடைய குரல்நாண்கள் விநாடிக்குச் சுமார் 100 முதல் 150 தடவை அதிர்கின்றன. டெனர் பாடகனிடம் எதிர்பார்க்கப்படும் மேல் 'சி' ஸ்வரத்தில் அவை விநாடிக்கு ஏறத்தாழ 523 தடவை அதிரவேண்டும். ஓர் அங்குலத்துக்கும் குறைவான நீளமுள்ள இரண்டு சதை மடிப்புகளைக்கொண்டு, ஒலிபெருக்கியின் துணை சிறிதும் இன்றி, எண்பது தொண்ணூறு வாத்தியங்கள் முழங்கும் குழுவுக்கு மேலே எழும்பி, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓப்பெரா போன்று சுமார் 3,800 பேர் அமரும் மண்டபத்தின் கடைசி வரிசை வரை போய்ச் சேரவேண்டிய குரல் அது. வாத்தியக் குழுவின் சக்தி பெரும்பாலும் 500 அதிர்வை ஒட்டிய பகுதியில் குவிந்திருக்க, பயிற்சிபெற்ற பாடகனின் குரலிலோ 3,000 அதிர்வுக்கு அண்மையில் ஒரு தனி முனைப்பு உண்டாகிறது என்றும், மனிதக் காது எளிதில் பற்றிக்கொள்ளும் அந்தப் பகுதியில் வாத்தியங்களின் போட்டி குறைவாதலால் குரல் தனித்துக் கேட்கிறது என்றும் ஸ்வீடன் தேசத்து ஆராய்ச்சியாளர் யோஹான் சுண்ட்பெரி 1970-களில் விளக்கினார். பருத்த உடலும் பெருத்த மூச்சுமே ஓப்பெராப் பாடகனின் பலம் என்ற பாமர அபிப்பிராயத்தை அவருடைய ஆராய்ச்சி பெரிதும் தகர்த்துவிட்டது.

ஆகவே டெனர் சாரீரம் என்பது கண்டெடுக்கப்படும் பொருள் அன்று. அது பல ஆண்டுப் பிரயாசையால் ஆக்கப்படுவது. அந்த ஆக்கத்தில் மிகக் கடினமான இடம், நடு 'சி'க்கு மேலே உள்ள 'ஈ' முதல் 'ஜி' வரையிலான நாலைந்து ஸ்வரங்கள். அகாரத்தில் ஸ்வர வரிசையை ஏறிக்கொண்டு போகும் மாணவன், 'எஃப்' ஸ்வரத்தை அடையும்போது அகாரத்தை அப்படியே விரித்துப் பிடித்தால் குரல் கூச்சலாகிறது. அதை ஓகாரத்தின் பக்கம் மிகச் சிறிதளவு குவித்துக்கொண்டால் தொண்டை இறுகாமல் குரல் மேலே புரண்டு செல்கிறது. ஒரு ஸ்வரம் முந்திக் குவித்துவிட்டாலோ ஓசை மங்கி, திரைக்குப் பின்னாலிருந்து வருவதுபோல் அடங்கிவிடும். கேட்கிறவனுக்குத் தெரியாமல், உச்சரிப்பும் சிதையாமல் இந்தத் திருப்பத்தைக் கடப்பதற்கே மாணவன் வருஷக்கணக்கில் ஆசிரியர் முன் நின்று அதே ஐந்து ஸ்வரங்களைத் திரும்பத் திரும்பப் பாடுகிறான்.

பாரிடோனாகத் தொடங்கிப் பின்னர் டெனரானவர்கள் பலர் இருப்பதும் இந்த ஆக்கத்தன்மைக்குச் சான்று. டென்மார்க்கில் பிறந்த லவுரிட்ஸ் மெல்கியோர் 1913-ல் கோபன்ஹேகனில் பாரிடோனாகவே மேடையேறினார். வாக்னரின் நாயகர்களைப் பாடுவதில் இருபதாம் நூற்றாண்டில் அவருக்கு இணையானவர் இல்லை என்று பிற்காலத்தார் ஏற்றுக்கொண்ட அந்தச் சாரீரம், 1918 வரை டெனர் என்று அறியப்படவே இல்லை. இத்தாலியரான கார்லோ பெர்கோன்சி சில ஆண்டுகள் பாரிடோனாகப் பாடியபின், பெரும்பாலும் தம் சொந்த அப்பியாசத்தைக்கொண்டே குரலை மாற்றியமைத்து, 1951-ல் பாரி நகரில் டெனராக மறுபிறவி எடுத்தார்.

1837-ஆம் ஆண்டும் அதன் பலனும்

இன்று டெனரின் இலட்சணமாகக் கருதப்படும் மார்புக்குரல் மேல் 'சி', எப்போதும் இருந்துவந்த சம்பிரதாயம் அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் டெனர்கள் உச்ச ஸ்வரங்களை மென்மையான, பொய்க்குரல் கலந்த நாதத்தில் தொட்டார்கள். அதுவே நாகரிகமாகவும் கருதப்பட்டது. பாரிஸ் ஓப்பெராவின் முதல் டெனராக இருந்த அடோல்ஃப் நூரி அந்த மரபின் சிகரம். ரோசினியின் 'கியோம் தெல்', அலேவியின் 'லா ஜுயிவ்', மெயர்பேரின் 'லே ஹுக்னோ' ஆகிய மூன்று பெரும் படைப்புகளிலும் டெனர் பாத்திரத்தை முதன்முதலில் ஏற்றவர் அவரே.

ஜில்பேர் டூப்ரே என்ற பிரெஞ்சுக்காரர், இத்தாலியில் தங்கிப் பாடிய காலத்தில், 1831-ல் லுக்கா நகரில் 'கியோம் தெல்' இத்தாலிய மொழியில் அரங்கேறியபோது, உச்ச ஸ்வரங்களை மார்புக்குரலின் முழு வலிமையோடு பாடும் புது வழியைக் கைக்கொண்டார். 1836-ல் பாரிஸ் ஓப்பெராவின் நிர்வாகம் அவரையும் நூரிக்குச் சமமான முதல் டெனராக அமர்த்த முடிவுசெய்தது. நூரி பதவியைத் துறந்தார். 1837 ஏப்ரல் மாதத்தில் டூப்ரே அதே 'கியோம் தெல்'லில் தோன்றி அந்த 'சி'யைப் பாடியபோது பாரிஸ் நகரம் ஆர்ப்பரித்தது. முப்பத்தைந்து வயதான நூரி, புதிய பாணியைக் கற்றுக்கொண்டு மீளலாம் என்ற நம்பிக்கையோடு இத்தாலிக்குச் சென்றார். பழைய மென்மை போயிற்று. புதிய வலிமையும் முழுதாகக் கைகூடவில்லை. அவர் பாடுவதற்கென்றே தொனிஸெத்தி இயற்றிய 'பொலியுத்தோ'வை நேப்பிள்ஸ் அரசாங்கம் தடைசெய்தது. 1839 மார்ச் 8-ஆம் தேதி, நேப்பிள்ஸில், தாம் தங்கியிருந்த இடத்தின் மேலிருந்து குதித்து அவர் உயிரை மாய்த்துக்கொண்டார்.

டூப்ரேயின் வெற்றியும் நீடித்ததன்று. பத்தாண்டுக் காலத்துக்குள் அவருடைய சாரீரம் தேய்ந்துபோனதைச் சமகாலத்தவர் பலர் குறித்திருக்கிறார்கள். 1840-லேயே தீதே, பெத்ரக்கேன் என்ற லியோன் நகரத்து மருத்துவர் இருவர் இந்தப் புதிய கனத்த குரலைப் பற்றி ஒரு விஞ்ஞானக் கட்டுரை எழுதினர். பாட்டு முறை ஒன்று மருத்துவர்களின் ஆராய்ச்சிக்கு உரியதாயிற்று என்பதே அதன் புதுமைக்குப் போதிய சாட்சி.

இந்த நிகழ்ச்சியை ரசனை மாறிய கதையாகச் சொல்வதே வழக்கம். டெனர் குரலின் வரலாற்றைத் தனி நூலாக எழுதிய ஜான் பாட்டரும் பாட்டு முறையின் மாற்றத்துக்கே அதில் முதன்மை தருகிறார். ரசனை மாறியது உண்மைதான். ஆனால் நூரியை வீழ்த்திய உடனடிக் காரணம் அவருடைய தொண்டையில் இல்லை. ஒரு நாடகசாலையின் நிர்வாகம், வருவாயை உத்தேசித்து, முதல் டெனர் என்ற பதவியின் இலக்கணத்தையே அவர் காலின் கீழிருந்து மாற்றிவிட்டது. இத்தாலிய ஓப்பெராப் பாடகர்களின் தொழிலை ஒரு வேலைச்சந்தையாகவே நோக்கி ஆராய்ந்த ஜான் ரோசெல்லியின் வழியில் இதைப் பார்த்தால், நூரியின் மரணம் கலைச்சரித்திரத்தைச் சேர்ந்த அளவுக்குத் தொழில்சரித்திரத்தையும் சேர்ந்தது என்பது புலனாகும்.

பயிற்சியும் முதல் ஒப்பந்தங்களும்

டெனரின் தொழில்வாழ்வில் மிகக் குறைவாக எழுதப்பட்டிருப்பது, முதல் மேடைக்கு முந்தைய காலம். லூச்சியானோ பவரொட்டியின் வாழ்க்கையில் அது ஏழு ஆண்டு நீண்டது. மொதெனா நகரத்து ரொட்டிக் கடைத் தொழிலாளியும் அமெச்சூர் டெனருமான தந்தைக்கு 1935-ல் பிறந்த அவர், பத்தொன்பதாம் வயதில் அர்ரீகோ போலா என்ற பாடகரிடம் மாணவராகச் சேர்ந்தார். குடும்பத்தின் வறுமையை அறிந்த போலா கட்டணம் வாங்கவில்லை. அந்த ஆண்டுகளில் பவரொட்டி ஆரம்பப் பள்ளியில் வாத்தியார் வேலை பார்த்தார், இன்ஷூரன்ஸ் விற்றார், ஓயாமல் பேசவேண்டியிருந்ததால் குரல் கெடுகிறது என்று அந்த விற்பனை வேலையை விட்டார். குரல்நாணில் ஒரு முடிச்சு தோன்றி, ஃபெர்ராரா நகரத்துக் கச்சேரி ஒன்று படுதோல்வியில் முடிந்தபோது பாட்டையே விட்டுவிடுவதென்று அவர் தீர்மானித்ததும், அந்தத் தீர்மானத்துக்குப் பின் முடிச்சு தானே மறைந்ததும் அவரே எழுதிவைத்த செய்திகள். 1961 ஏப்ரலில் ரெஜ்ஜோ எமீலியாவில் 'லா பொஹேம்' நாடகத்தின் ரொடால்ஃபோவாக அவர் முதன்முதலாக மேடையேறியது, ஒரு போட்டியில் பெற்ற பரிசின் பயனாக. கட்டணம் வாங்காத ஓர் ஆசிரியரும், மகனைச் சில ஆண்டுகள் தாங்கிக்கொள்ளச் சம்மதித்த ஓர் எளிய குடும்பமும் இல்லாதிருந்தால் அந்தச் சாரீரத்தை உலகம் கேட்டிராது. அப்படிக் கேட்காமலே போன சாரீரங்களுக்கு ஏடு ஏதும் இல்லை.

என்ரிக்கோ கரூசோவின் தொடக்கம் இன்னும் தெளிவான பாடம். நேப்பிள்ஸ் நகரத்தின் ஏழை இளைஞனாகிய அவருக்குக் கற்பித்த குல்யெல்மோ வெர்ஜீனே, சம்பளத்துக்குப் பதிலாக, எதிர்கால வருவாயில் நூற்றுக்கு 25 பங்கு தமக்குத் தரவேண்டும் என்று ஒப்பந்தம் எழுதிக்கொண்டார். அது ஐந்து ஆண்டுகளுக்கு என்றிருந்தாலும், அந்த ஐந்து ஆண்டு என்பது மேடையில் பாடிய நாட்களை மட்டுமே கூட்டிக் கணக்கிடவேண்டியது என்ற வாசகம் அதில் இடம்பெற்றிருந்தது. ஒரு டெனர் வாரத்துக்கு ஓரிரு நாட்களே பாடுகிறான் என்பதை நினைத்தால் அந்த வாசகம் வாழ்நாளின் பெரும்பகுதியை அடகு வைத்தது என்பது விளங்கும். நீதிமன்ற வழக்குக்குப் பின்னரே கரூசோ அதிலிருந்து விடுபட்டார்.

பிளாசிடோ டொமிங்கோவின் வழி வேறு. ஸார்ஸுவேலா என்ற ஸ்பானிய இசை நாடகக் குழு நடத்திய பெற்றோருக்குப் பிறந்து, மெக்சிகோவில் வளர்ந்து, அங்கே பாரிடோனாகத் தேர்வுக்குச் சென்றபோது டெனர் என்று அடையாளம் காணப்பட்ட அவர், 1962 முதல் இரண்டரை ஆண்டுகள் தெல் அவீவில் இருந்த சிறிய ஓப்பெராக் குழுவில் பன்னிரண்டு பாத்திரங்களை 280 தடவை பாடினார். பெரிய நகரங்களின் விமர்சகர்கள் எட்டிப் பார்க்காத இடத்தில், தவறுகளைப் பயமின்றிச் செய்து திருத்திக்கொள்ளக் கிடைத்த அந்த வாய்ப்புக்கு விலை மதிக்க இயலாது. 1968 செப்டம்பரில், ஃபிராங்கோ கொரெல்லி கடைசி நேரத்தில் பாட மறுத்துவிட, மெட்ரோபாலிட்டன் ஓப்பெராவில் அவருக்குப் பதிலாகத் திடீரென்று மேடையேறும் துணிவைத் தந்தது அந்தப் பழக்கமே.

வழக்கமான விளக்கமும் அதன் சிறந்த உதாரணமும்

பாத்திர வரிசை பற்றிய விதிக்கு அடிக்கடி காட்டப்படும் உதாரணம், ஜுசேப்பே டி ஸ்டெஃபானோ, அல்ஃப்ரெடோ கிராவுஸ் ஆகிய இருவரின் ஒப்பீடு. சிசிலியில் 1921-ல் பிறந்த டி ஸ்டெஃபானோ, இருபத்துநான்கு வயதில் மேடையேறி, இருபத்தேழு வயதுக்குள் மெட்ரோபாலிட்டன் ஓப்பெராவை அடைந்தார். பிற்காலத்தில் அந்த ஸ்தாபனத்தின் தலைவரான ருடால்ஃப் பிங், 'ஃபௌஸ்ட்' நாடகத்தில் டி ஸ்டெஃபானோ மேல் 'சி'யை முழுக்குரலில் பிடித்து, அதைச் சிறிது சிறிதாக மெலியவிட்டு, இழையாக்கிக் காட்டியதைத் தம் வாழ்நாளில் மறக்க இயலாத அனுபவமாகப் பதிவுசெய்திருக்கிறார். அக்காலத்து இசைத்தட்டுகளைக் கேட்கும்போதெல்லாம், சொல்லைத் தெளிவாகச் சொல்லுவதில் அவர் காட்டும் ஆர்வமும், ஒவ்வோர் அடியிலும் தம்மை முழுவதும் கொடுத்துவிடும் அந்தத் தாராளமும் என்னை இன்றும் நெகிழச் செய்கின்றன. ஆனால் திருப்ப ஸ்வரங்களை அவர் குவிக்காமல் விரித்தே பாடினார்; 1950-களின் பிற்பகுதியில் கனமான பாத்திரங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றார்; நாற்பது வயதைத் தாண்டியதும் குரல் அவரைக் கைவிடத் தொடங்கியது. 1963-ல் லண்டன் கவென்ட் கார்டனில் அவர் பாட இயலாதபோது அந்த இடத்தில் நின்று 'லா பொஹேம்' பாடியவர், அன்று பெயர் அறியப்படாத பவரொட்டி.

கேனரித் தீவுகளில் 1927-ல் பிறந்த கிராவுஸ் தொழில்நுட்பப் படிப்பை முடித்தபின்பே பாட்டுக்கு வந்தவர். மிலான் நகரில் மெர்ஸெதெஸ் யோபார்ட்டிடம் கற்று, 1956-ல் கெய்ரோவில் 'ரிகொலெட்டோ'வின் கோமகனாகத் தோன்றினார். தம் சாரீரத்துக்குப் பொருந்தாது என்று கண்ட புச்சீனியின் பாத்திரங்களைத் தொடக்கத்திலேயே விலக்கி, பெல்லினி, தொனிஸெத்தி, மஸ்னே ஆகியோரின் சில பாத்திரங்களையே ஆழமாகப் பாடி, எழுபது வயதை நெருங்கும்வரை மேல் ஸ்தாயியைக் காப்பாற்றிக்கொண்டார். விதி உண்மை என்பதற்கு இதைவிடப் பொருத்தமான இணை கிடைப்பது அரிது. ஆயினும், ஓர் இணையை வைத்துக்கொண்டு விதி செய்வது ஆராய்ச்சிக்கு அடுக்காது.

எதிர்ச் சாட்சியங்கள்

முதல் எதிர்ச் சாட்சி டொமிங்கோ. வெர்டியின் 'ஒதெல்லோ', 1887-ல் மிலானில் அரங்கேறிய நாள் முதல், டெனர்களின் சாரீரத்தை அழிக்கும் பாத்திரம் என்று பெயர் பெற்றது. அதன் கடுமை முதல் தோற்றத்திலேயே தெரிந்துவிடும். புயலும் இடியும் வாத்தியங்களில் முழங்க, மேடை நிறைந்த பாடற்குழு முழுக்குரலில் அரற்ற, கப்பலிலிருந்து இறங்கும் தளபதி வெற்றிச் செய்தியைச் சொல்லும் சில அடிகள். ஒரு நிமிஷத்துக்கும் குறைவான பாட்டு. குரலைச் சூடேற்றிக்கொள்ள முன்னால் ஒரு சொல் கிடையாது. அத்தனை ஓசைக்கும் மேலே எழும்பிச் சென்றாகவேண்டும். அந்தப் பாத்திரத்தை 1975-ல், முப்பத்துநான்கு வயதில், ஹாம்பர்கில் டொமிங்கோ ஏற்றபோது அவருடைய முடிவு நெருங்கிவிட்டதென்று எச்சரித்தவர்கள் பலர். அவரோ அதை இருநூறு தடவைக்கு மேல் பாடிவிட்டு, 2009-க்குப் பின் பாரிடோன் பாத்திரங்களுக்குத் திரும்பித் தொழிலைத் தொடர்ந்தார்.

பெர்கோன்சியின் சாட்சியம் விதிக்குச் சாதகமானதுதான். என்றாலும் அது ஒரு துயரத்தோடு கூடியது. ஒதெல்லோவை வாழ்நாள் முழுவதும் ஒத்திவைத்த அவர், 2000-ஆம் ஆண்டு மே மாதம், எழுபத்தைந்தாம் வயதில், நியூயார்க் கார்னகி ஹாலில் அதைக் கச்சேரி முறையில் பாட முன்வந்தார். இரண்டு அங்கங்கள் பாடியபின் குரல் ஒத்துழைக்காமல் விலக நேர்ந்தது. மீதியை வேறொருவர் பாடி முடித்தார். அவருடைய பொறுமை அவர் சாரீரத்தை நெடுங்காலம் காத்தது என்பதில் ஐயமில்லை. அந்தப் பாத்திரத்தின்மேல் அவருக்கு இருந்த தாகத்தை அந்தப் பொறுமை தணிக்கவில்லை என்பதும் உண்மையே.

மூன்றாவதாக, அகால மரணங்களை இவ்விதியின் கணக்கில் எங்கே வைப்பது? கரூசோவுக்கு 1909-லேயே மிலானில் குரல்நாணில் சத்திரசிகிச்சை நடந்தது. 1920 டிசம்பர் 11-ஆம் தேதி புரூக்ளினில் 'லெலிஸீர் தமோரே' நடந்துகொண்டிருந்தபோது அவர் வாயிலிருந்து இரத்தம் வந்தது. கைக்குட்டைகளும் துவாலைகளும் ஒன்றன்பின் ஒன்றாக நனைய நனைய, முதல் அங்கம் முடியும்வரை அவர் பாடிக்கொண்டிருந்தார். எட்டே மாதங்களில், நாற்பத்தெட்டாம் வயதில் இறந்தார். கனமான பாத்திரங்கள் அவரை அழித்தன என்று சொல்ல ஆதாரம் இல்லை. அவர் அவற்றைத் தாங்கி நீடித்திருப்பார் என்று சொல்லவும் ஆதாரம் இல்லை. இருதய நோயால் நாற்பத்தொன்பதில் மறைந்த யூஸி பியோர்லிங், மாடிப்படியில் விழுந்து முப்பத்தைந்தில் மறைந்த ஃபிரிட்ஸ் வுண்டர்லிஷ் ஆகியோரின் சாரீரங்கள் பழுதற்றவை என்று இன்று போற்றப்படுவதற்கு, அவை பழுதுறும் வயதை அடையவில்லை என்பதும் ஒரு காரணமாகலாம்.

மறுக்கும் அதிகாரம்

மேற்கண்ட சாட்சியங்களைச் சேர்த்து நோக்கும்போது, கனமான பாத்திரம் தன்னளவில் கொல்வதில்லை என்றும், சாரீரம் ஆயத்தமாகாத நாளில், களைப்போ நோயோ உள்ள நாளில், அதைப் பாடியே தீரவேண்டிய நிர்ப்பந்தமே கொல்கிறது என்றும் கொள்வது பொருத்தமாகத் தோன்றுகிறது. அவ்வாறாயின் நாம் ஆராயவேண்டியது, பாடகனின் விவேகத்தோடு, அவன் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தையுமாகும்.

ஓப்பெராவில் இளைஞர்களுக்கு மிகுதியாக வேலை தரும் தேசம் ஜெர்மனி. அங்கே அரசாங்க உதவி பெறும் நகர நாடகசாலைகளில் பாடகர்கள் மாதச் சம்பளத்துக்கு அமர்த்தப்படுகிறார்கள். இன்ன குரல்வகைக்கு இன்ன பாத்திரங்கள் என்ற பகுப்பும் அங்கே நெடுங்காலமாக வழக்கில் உள்ளது. இந்தப் பகுப்பு, பொருந்தாத பாத்திரத்தைச் சுமத்தாமல் பாடகனைக் காப்பாற்றும் கவசம் என்று பாராட்டப்படுவதுண்டு. நடைமுறையில் அந்தக் கவசத்தில் ஓட்டைகள் பல. முப்பது வயதுகூட ஆகாத இலேசான டெனர் ஒருவன், ஒரு வாரத்தில் 'மந்திரப் புல்லாங்குழ'லின் தமீனோவையும், அடுத்த வாரம் ஒப்பரெட்டா என்ற இலேசான இசை நாடகத்தையும், காலையில் பள்ளிக் குழந்தைகளுக்கான நாடகத்தையும் பாடிக்கொண்டே, அடுத்த மாதத்து வாக்னர் நாடகத்துக்கு ஒத்திகையும் பார்க்கவேண்டி வரலாம். மறுத்தால் உடனே வேலை போகாது. ஆனால் ஒப்பந்தம் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படுவது. புதுப்பிக்கப்போவதில்லை என்ற அறிவிப்பு முந்தைய பருவத்தின் அக்டோபர் முடிவுக்குள் வரக்கூடும் என்பது அவனுக்குத் தெரியும். புதிய இயக்குநர் பதவியேற்கும்போது பழைய பாடகர்கள் பலர் விலக்கப்படுவதும் அவனுக்குத் தெரியும். ஒரே நாடகசாலையில் பதினைந்து ஆண்டு பணியாற்றியவரை எளிதில் விலக்க இயலாது என்பது விதி. அதனாலேயே அந்த வரம்பை எட்டுமுன் விலக்கப்படுவோரும் உண்டு.

மாதச் சம்பளமின்றி நாடகத்துக்கு நாடகம் ஒப்பந்தமாகும் பாடகனின் நிலை வேறு வகையில் கடுமையானது. பாடிய இரவுக்கே அவனுக்கு ஊதியம். சளி பிடித்து விலகினால் ஊதியம் இல்லை. ஒத்திகைக் காலத்து வீட்டு வாடகை பெரும்பாலும் அவன் பொறுப்பு. பெரிய நாடகசாலைகள் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு முன்னதாகவே பாடகர்களை அமர்த்திவிடுகின்றன. முப்பது வயதில் இருப்பவன், முப்பத்துநான்காம் வயதில் தன் குரல் எப்படி இருக்கும் என்று அறியாமலே அந்த வயதுக்குரிய பாத்திரத்துக்குக் கையெழுத்திடுகிறான். அறிவியலும் ஆசிரியர்களும் சாரீரத்தின் வளர்ச்சியை முன்கூட்டிச் சொல்ல இயலாதிருக்க, ஒப்பந்தம் மட்டும் அதைத் தெரிந்ததாகக் கொண்டு எழுதப்படுகிறது.

இதே கண்ணோடு அண்மைக் காலத்தவர் இருவரைப் பார்க்கலாம். மெக்சிகோவைச் சேர்ந்த ரோலாண்டோ வில்லாசோன், 1999-ல் ஒப்பெராலியா போட்டியில் பரிசுகள் பெற்று, 2005-ல் ஸால்ஸ்பர்கில் 'லா திராவியாத்தா' பாடி உச்சப் புகழை அடைந்தார். 2007-ல் சில மாதம் ஓய்வெடுத்தார். 2009-ல் குரல்நாணில் இருந்த கட்டியை அகற்றச் சத்திரசிகிச்சை தேவைப்பட்டது. மீண்டும் பாடினாலும் பழைய இடத்துக்கு அவர் திரும்பவில்லை. அந்தக் கட்டி அளவுக்கு மீறிய உழைப்பால் வந்தது என்று சொல்லுவோர் உண்டு. நோயின் மூலத்தை வெளியிலிருந்து தீர்மானிப்பது முறையாகாது. ஜெர்மானியரான யோனாஸ் கவுஃப்மன், 1994-ல் ஸார்ப்ரூக்கென் நகர நாடகசாலையில் சேர்ந்து, ஓயாத வேலைக்கிடையே குரல் சிதையும் நிலையை அடைந்து, மைக்கேல் ரோட்ஸ் என்ற ஆசிரியரிடம் பாட்டு முறையையே புதிதாகக் கற்று மீண்டவர். 2016-ல் அவருடைய குரல்நாணில் இரத்தக்குழாய் ஒன்று வெடித்தபோது மாதக்கணக்கில் எல்லா ஒப்பந்தங்களையும் விட்டு விலகினார். 2017 ஜனவரியில் பாரிஸில் திரும்பி வந்தார். அதே ஆண்டு லண்டனில் முதன்முதலாக ஒதெல்லோவை ஏற்றார். ஸார்ப்ரூக்கெனில் இருந்த இளைஞனுக்கு இல்லாத அந்த ஓய்வு, உலகப் புகழ் பெற்ற மனிதனுக்குக் கிடைத்தது. பவரொட்டியும் ஒதெல்லோவை நாடக மேடையில் ஏற்காமல், 1991-ல் வாத்தியக் குழு நடத்துநர் ஸோல்ட்டியின் தலைமையில் கச்சேரி முறையில் மட்டுமே பாடி விலகிக்கொண்டார். அப்படி விலகுவதால் அவர் எதையும் இழக்கவேண்டியிருக்கவில்லை.

எதிர்ப்புறமாக, சாரீரம் இருந்தும் ஒப்பந்தம் அற்றுப்போவதும் உண்டு. மெல்கியோர் 1926 முதல் மெட்ரோபாலிட்டன் ஓப்பெராவில் பாடினார். 1950-ல் தலைமைக்கு வந்த பிங் அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. பத்து ஆண்டுகள் கழித்து, தம் எழுபதாம் பிறந்தநாளையொட்டி, டென்மார்க் வானொலியில் 'வால்கியூரே'யின் முதல் அங்கத்தில் ஸீக்முண்ட் பாத்திரத்தை மெல்கியோர் பாடினார். அந்தப் பதிவு இன்றும் கிடைக்கிறது.

முடிபு

டெனர் சாரீரத்தின் ஆயுளைப் பிறவியும் சாதகமும் வரையறுக்கின்றன. அந்த வரையறைக்குள் அது எவ்வளவு காலம் மேடையில் நிற்கும் என்பதை, ஒரு பாத்திரத்தை, ஒரு பருவத்தை, ஓர் இரவை மறுக்கும் அதிகாரம் தீர்மானிக்கிறது. அந்த அதிகாரம் புகழ் பெற்றவனிடம் மிகுதியாகவும், அதை மிகவும் வேண்டி நிற்கும் இளைஞனிடம் மிகக் குறைவாகவும் இருக்கிறது. கிராவுஸின் விவேகத்தைப் பாராட்டுவதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் அதே விவேகத்தைச் சிறு நகரத்துப் பாடகனிடம் எதிர்பார்த்து, அவன் குரல் கெட்டபின் அவசரக்காரன் என்று எழுதுவது நியாயம் அன்று.

பாடகர்களின் சரித்திரத்தை இனி எழுதப்போகிறவர்கள், அவர்கள் பாடிய பாத்திரங்களின் பட்டியலோடு, மறுத்த பாத்திரங்களையும், மறுக்க இயலாமல் பாடிய இரவுகளையும், கையெழுத்திட்ட ஒப்பந்தங்களின் வாசகங்களையும் தேடிச் சேர்க்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நாடகசாலைகளின் கணக்கேடுகளிலும் கடிதக் கட்டுகளிலும் அவற்றுக்கான ஆதாரங்கள் இருக்கும்.